நூருன்னிசாவின் கடைவாய்ப் பல்

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் எங்கள் பல் லேபிலும் வேலை குவியும், சார். பாறையில் வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொள்கிறவர்கள் அவ்வளவு பேர். தென்காசி டாக்டர்கள் அவர்களுக்கு மாட்டும் செராமிக் கேப்பைக் கம்ப்யூட்டரில் வடிவமைப்பது இந்த இசக்கியப்பன்தான்.

கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே சிமெண்டுக்கென்று மயிரிழையை விட மெல்லிய இடம் விட வேண்டும். ஈறை ஒட்டிய விளிம்பில் மட்டும் இடமே கூடாது. அங்கே திறந்திருந்தால் எச்சில் இறங்கி, சிமெண்ட் கரைந்து, உள்ளே பல் அழுகும். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை, டாக்டர் பெலிக்ஸைத் தவிர.

அவர் பல்லைச் சரியாக ராவாமல் அளவெடுத்தார். நான் ஒழுங்காகச் செய்த கேப் உட்காரவில்லை. கிளினிக்குக்கு வரச் சொல்லி, "ஏலே, மாடு மேய்க்கப் போ. உனக்கெல்லாம் எவம்லே மவுஸைக் கையில குடுத்தான்?" என்று கேப்பை என் முகத்தில் விட்டெறிந்தார். காத்திருந்த நோயாளிகள் சிரித்தார்கள். கேப்பைப் பொறுக்கிக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன்.

ஒவ்வொரு டாக்டர் பெயரிலும் தனித்தனி அளவு பதிந்து வைப்பது எங்கள் வழக்கம். ஒருவருக்கு இறுக்கம் பிடிக்கும், ஒருவருக்குத் தளர்வு. பெலிக்ஸ் பெயரில் இருந்ததை அன்றே மாற்றினேன். உள்ளேயும் தாராளம், விளிம்பிலும் தாராளம். அதன்பிறகு அவருக்கு எல்லாமே லகுவாக உட்கார்ந்தது. விரலால் அழுத்திப் பார்ப்பாரே தவிர, விளிம்பை ஊசியால் தடவிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "இப்பதாம்லே உருப்பட்டிருக்க" என்று போனில் பாராட்டக்கூடச் செய்தார். வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு நரம்பில்லை, அழுகினாலும் சீக்கிரம் வலிக்காது. எனக்கும் அவசரமில்லை.

நூருன்னிசா அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். பெலிக்ஸின் நோயாளி, பல்லின் நிறம் பார்க்க லேபுக்கே வந்தார். சவூதியில் தம்மாமிலிருந்து அவர் வீட்டுக்காரர் அடுத்த வருஷம் லீவில் வரவிருந்தார். "கடைவாய்ப் பல்லுதான் தம்பி. ஆனா நான் வாயைத் தொறந்து சிரிக்குதவ, நல்லாப் பாத்துச் செய்யி" என்றார். சுகர் இருப்பதையும் சொன்னார். தம்பி என்று கூப்பிட்டவருக்கு நிறத்தில் துளி வித்தியாசம் வராமல் செய்துகொடுத்தேன். அளவு மட்டும் பெலிக்ஸ் அளவு.

சில மாதங்களில் அந்தப் பல்லுக்கடியில் சீழ் வைத்து, வீக்கம் கழுத்துக்கு இறங்கி அக்காவின் மூச்சை அடைத்தது. வீட்டுக்காரர் வந்து சேர்ந்தது நல்லடக்கத்துக்குத்தான். எல்லாம் சுகரால் வந்தது என்று பெலிக்ஸ் சொன்னார், நம்பிவிட்டார்கள். ஒரு உயிர் போயும் அவர் கிளினிக்கில் கூட்டம் குறையவில்லை. ஆத்திரம் தாளாமல்தான் நானே ஸ்டேஷன் தேடி உங்களிடம் வந்தேன்.

இந்த அளவில் கேப் போட்ட மற்றவர்கள் பெயரைக் கேட்கிறீர்கள். பெலிக்ஸ் பல லேபுகளில் செய்து வாங்குகிறவர். எது என்னுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், ஃபைல்களை அழித்துவிட்டேன். இப்போது சொன்னால் எல்லோரையும் கூப்பிட்டு மாற்றிப்போட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்வார். கொஞ்சம் பொறுங்கள், சார். இன்னும் ரெண்டு பேருக்காவது வீங்கட்டும். அப்போதுதான் அவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று ஊருக்குப் புரியும்.