வெளிறிய காய் இல்லாத படங்கள்

"செவ்வாய், காலை எட்டே கால், போடி–தேவாரம் பஸ், முன் இருக்கையில் இருவர்" என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. ஒருவர் ஏலக்காய் வியாபாரி. மடிக்கணினியோடு இருந்தவர் அவருடைய மைத்துனர். படத்தைப் பார்த்தே காயை நிறவாரியாகப் பிரிக்க, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிரல் தொகுப்பை அவர் சோதித்துக்கொண்டிருந்தார்.

"ஓசியில குடுக்கிறானே மாப்ளே, தப்பாப் போனா யாருகிட்டச் சண்டைக்குப் போறது?"

"யாருகிட்டயும் போக முடியாது மச்சான். அதுக்குத்தான் சோதிக்கிறேன். நீங்க அனுப்புன இருநூறு படத்துலயும் ஒரு வெளிறுன காய்கூட இல்லைங்குது."

"பிறகென்ன, அது பாஸாயிருச்சு! நாளைக்கே அத வச்சுப் பிரிச்சு லோடு ஏத்திருவோம். போன தடவ வெளிறுன காய் கலந்திருக்குன்னு சரக்கு வாங்குறவன் திருப்பி அனுப்பிட்டான். இன்னொருக்கா அனுப்புனா நம்மகிட்ட வாங்கவே மாட்டான்."

"படம் எடுக்க முன்னாடி காயை என்ன செஞ்சீங்க?"

"சாம்பிள்னா என்ன செய்வாங்க? வெளிறுனதப் பொறுக்கிப் போட்டுட்டு நல்லதாப் பாத்துத் தட்டுல பரப்புனேன்."

மைத்துனர் மடிக்கணினியை மூடினார். "பொறுக்கிப் போட்டத வெரசாக் கொண்டாங்க. அதையும் படம் எடுக்கணும்."

"நம்மகிட்ட ஏது மாப்ளே வெளிறுன காய்?" என்றார் வியாபாரி, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

ராசிங்காபுரத்தில் நான் இறங்கிவிட்டேன். அந்தத் தொகுப்புக்கு வெளிறிய காயை அடையாளம் தெரியுமா என்பது அதுவரை உறுதிப்படவில்லை.