குலம் சாரின் மென்பொருளை நிறுத்துவோம்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் தம்புசாமி ஐயா அவர்களே, செயலவையினரே, துயரத்தை அடக்கிக்கொண்டு முன்வரிசையில் இருக்கும் சரோஜினி அக்கா அவர்களே, அலோர் காஜாவிலிருந்தும் லூபோக் சீனாவிலிருந்தும் வந்திருக்கும் நோயாளிகளே, உறவுகளே, வணக்கம். இந்தச் சிறுநீரகச் சுத்திகரிப்பு மையத்தின் தலைமைத் தாதி புனிதா பேசுகிறேன்.

போய்விட்டாரே நம் குலம் சார்! கணினி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வையே அறியாதவர். யாருக்கு எந்த நாளில் சுத்திகரிப்பு, எந்த வேன் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லும் மென்பொருளைத் தனியொருவராய் எழுதிக் கொடுத்தார். கெட்டுப்போனால் முகம் சுளித்தாரா? ஒருநாளும் இல்லை! திருவிழாவில் பால்குடம் இறக்கிய கையோடு, ஈர வேட்டியுடன் வந்து சரிசெய்துவிட்டுப் போனாரே!

எனக்கு முன் பேசியவர்கள், அந்த மென்பொருளுக்கு அவர் பெயரைச் சூட்டி, முகப்பை மட்டும் புதுப்பித்து, காலமெல்லாம் காப்போம் என்றார்கள். நல்ல மனசு. ஆனால், மன்னிக்கவும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சென்ற ஆண்டு சார் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் படுத்தபோது என்ன நடந்தது? சிஸ்டம் தடுமாறியது. வேன் பட்டியல் பாதியாய் வந்தது. முனியம்மாவின் பெயர் அதில் விழவில்லை; வேனும் போகவில்லை. காத்திருந்து காத்திருந்து, சுத்திகரிப்பு தவறி, மூச்சுத் திணறிய பிறகுதான் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்தார். அதோ, தூண் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

சார் குணமாகி வந்ததும் செயலவைக் கூட்டத்தில் எழுந்தார். "இத தூக்கிப் போடுங்க லா! ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு இப்ப துணியே இல்ல, ஒட்டுதான் இருக்கு. ஒரு இடத்த தொட்டா இன்னொரு இடம் புட்டுக்குது. நான் படுத்தா முனியம்மாவும் படுக்கணுமா? நம்ம தாரணி கம்ப்யூட்டர் படிச்ச பிள்ள, முதல்லேர்ந்து புதுசா எழுதச் சொல்லுங்க" என்றார்.

நாம் என்ன செய்தோம்? "எவ்ளோ அடக்கம் பாருங்க லா!" என்று கைதட்டினோம். பொன்னாடை போர்த்தினோம்! அதை எடுத்து மடித்துக்கொண்டே, "நான் அடக்கமா பேசல, பயந்து பேசறேன்" என்றார். அதற்கும் கைதட்டினோம். அவர் மனசு நோகக் கூடாதென்று அவர் பேச்சையே கேட்காமல் விட்டோம்.

புதிதாக எழுதுவது எளிதா? இல்லை. நேற்று தாரணியே சொன்னார்: "பழசுல சார் எத்தன சின்னச் சின்ன விஷயம் சேர்த்து வச்சிருக்காருன்னு முழுசா தெரியல, அக்கா. ஒண்ணு விட்டாலும் யாராச்சும் ரோட்டுல நிப்பாங்க." மாதக் கணக்கில் ஆகுமாம். அதுவரை பழையது தாங்குமா? தெரியாது. நின்றுபோனால் கூப்பிட சார் இல்லையே! எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும், ஒரே ஒருவருக்கு மட்டும் புரிந்த ஒன்றை, அவர் போன பிறகும் நம்பிக்கொண்டிருப்பது இன்னும் பெரிய பயம்.

சபையோரே, உறுதி எடுப்போம். தாரணிக்கு வேண்டிய ஆளும் நேரமும் கொடுப்போம். புதியது வரும்வரை பட்டியலை மட்டும் நம்பாமல், தாதிகள் நாங்கள் தினமும் வீடு வீடாகப் போன் செய்து கேட்போம். புதியது சரியாக ஓடியதும் பழையதை நிறுத்துவோம். சார் நம்மிடம் கேட்டது அது ஒன்றுதான்.

சரோஜினி அக்கா, உங்கள் கணவர் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட நேரமில்லாமல் எழுதியது அது. அதை நிறுத்த எங்கள் யாருக்கும் கை வராது. அன்றைக்கு நீங்கள் வந்துதான் நிறுத்த வேண்டும். வருவீர்களா, அக்கா?