கண்ணு மின்னுது

– ...இதுவும் மின்னுறதுதாங்க.

– ஏய், போன வார்த்தைக்கும் அதையேதான சொன்ன?

– நான் என்ன செய்ய? போன்ல போட்டுப் பாத்தா அப்படித்தான் வருது. கிளிட்டர்னா மின்னுறது. ட்விங்கிள்னா மின்னுறது. ஃப்ளாஷ்... அதுவும் மின்னுறது.

– ஒரு மின்னுறதுக்கு எத்தனை பேரு! பொழப்பில்லாதவன் பண்ணின வேலை.

– சத்தம் போடாதீங்க. கண்ணாஸ்பத்திரி இது. எல்லாரும் பாக்குறாங்க.

– பாக்கட்டும். பாக்க முடிஞ்சவங்க பாக்குறாங்க.

– விளையாடாதீங்க. நம்ம பேரக் கூப்பிடுறதுக்குள்ள இந்த இங்கிலீஷ் ஃபாரத்த நிரப்பணும். உங்க கண்ணுல என்ன தெரியுதோ அதுக்கு நேரா டிக் போடணுமாம். இருங்க, போன்ல படமும் காட்டுது. முதல்ல... கிளேர்.

– அப்படின்னா?

– எதிர்ல லாரிக்காரன் பெரிய லைட்டப் போட்டுட்டு வருவான்ல, கண்ணு கூசும்ல... அது.

– இருபது வருஷமா வெல்டிங் வெக்கிறேன். என்னப் பாத்து கூசுதான்னு கேக்குறியா? கூசினா சோறு ஏது?

– அப்ப இல்ல. அடுத்தது ஃப்ளிக்கர். பழைய ட்யூப் லைட்டு போகப்போற நேரத்துல விட்டு விட்டு எரியுமே...

– நம்ம வீட்டு பாத்ரூம் லைட்டு.

– ஆமா, ஆறு மாசமா மாத்துங்க மாத்துங்கன்னு நானும் கத்துறேன்.

– ஃபாரத்தப் பாரு, ஃபாரத்த.

– குளோ... நீங்க பத்த வெச்சு முடிச்சப்புறம் இரும்பு செக்கச்செவேல்னு...

– அது அழகா இருக்கும். அதெல்லாம் ஒண்ணும் எனக்குத் தெரியல. எதுவும் இல்லன்னு எழுதிட்டு வா, கிளம்பலாம். ரெண்டு மணிக்கு ஷிஃப்டு.

– ஷிஃப்டாம் ஷிஃப்டு! கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் பண்ணி... ஐயோ, என் வாயக் கழுவ!

– பாத்தியா, நீயே சொல்லிட்ட.

– எதுவும் இல்லாமயா அன்னிக்கு சாப்பிடும்போது, யாரு அங்க பத்த வெக்கிறதுன்னு திரும்பிப் பாத்தீங்க? வீட்டுக்குள்ள யாருங்க வெல்டிங் வெக்கிறா?

– அத இன்னும் மறக்கலயா நீ?

– சொல்லுங்க. எப்படி இருந்துச்சு? மினுக் மினுக்குன்னா? பளபளன்னா?

– பளிச்னு. வெல்டிங் ராடு இரும்பத் தொட்டதும் ஒரு வெட்டு வெட்டும்ல, அந்த மாதிரி. வலது கண்ணு ஓரத்துல.

– மின்னல் வெட்டுற மாதிரியா?

– ம்.

– அப்ப... அது ஃப்ளாஷ்.

– சரி, போடு டிக்க. அடுத்தது என்ன?

– இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் பக்கத்துல சிவப்புல எழுதியிருக்குங்க.

– என்னன்னு?

– இது இருந்தா காத்திருக்கக் கூடாதாம். அன்னிக்கே வரணுமாம்.

– அதான் வந்துட்டோமே. ஏண்டி அழற? ஏய்... எல்லாரும் பாக்குறாங்கன்னு நீதான சொன்ன?

– பத்து நாளுங்க. பத்து நாளைக்கு முன்னாடியே நான் போன் பண்ணேன். உங்ககிட்ட சொல்லல.

– யாருக்கு?

– இங்கதான். ஒரு பொண்ணு எடுத்தா. என்ன பிரச்சனைன்னு கேட்டா. கண்ணு மின்னுதுன்னு சொல்லணும்... வாய்ல என்ன வந்துச்சோ அதச் சொல்லிட்டேன். 'ஹஸ்பண்ட் ஐஸ் ஷைனிங்'னு.

– அப்புறம்?

– சிரிச்சா. 'லக்கி யூ'ன்னா. கண்ணாடிக்கு சும்மா பாத்துட்டுப் போறவங்க வரிசையில பேர எழுதி, இன்னிக்குத் தேதி குடுத்தா. நானும் கூடச் சேந்து சிரிச்சுட்டு வெச்சுட்டேன்.

– ஷைனிங்கா! நான் என்ன, பாலிஷ் போட்ட ஷூவா?

– சிரிக்காதீங்க. ஒரு வார்த்தைய ஒழுங்கா சொல்லியிருந்தா அன்னிக்கே கூப்பிட்டிருப்பாங்க. உங்க கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா...

– ஒண்ணும் ஆகாது. மூக்கத் தொடச்சுக்க.

– ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெட்டுதுன்னு கேட்டிருக்கு. எத்தனைங்க?

– இப்ப வெட்டுறதில்ல.

– நிஜமாவா?

– ம். நாலு நாளாச்சு... நின்னுடுச்சு.

– தெய்வமே! இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? இப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. அப்ப ஃப்ளாஷுக்குப் போட்ட டிக்க அடிச்சுடவா? நின்னுடுச்சுன்னா நல்லதுதானே... ஏங்க? இந்தப் பக்கம் திரும்புங்க, என்னப் பாத்துச் சொல்லுங்க.

– அடிக்காத. அது நின்ன அன்னிக்கே வலது கண்ணுல ஓரத்துலேர்ந்து ஒரு கறுப்புத் திரை வந்துச்சு. இப்ப பாதிக் கண்ண மூடிடுச்சு. நீ அந்தப் பக்கம்தான் உக்காந்திருக்க... குரல வெச்சுத்தான் பேசிட்டிருக்கேன். சொன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாங்கன்னு வாய மூடிட்டு இருந்தேன். உன் ஷைனிங்கால இல்லடி, என்னாலதான். அந்த ஃபாரத்துல இருட்டுக்கும் ஒரு வார்த்தை இருக்கும்... தேடு, சீக்கிரம் தேடு. எனக்கும் பயமா இருக்கு.