நெவ்வின் மூச்சுக்கு நான் போட்ட டிக்குகள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பைபிளின் மேல் கை வைத்துச் சொல்லியிருப்பேன். ஆனால் தொற்று ஒட்டிக்கொள்ளும் என்று இந்த அறையிலிருந்து பைபிளையும் எடுத்துப் போய்விட்டார்கள். ஆகவே சுவரில் மாட்டியிருக்கும் கை கழுவும் மருந்துப் புட்டியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். இந்த மருத்துவமனையில் எல்லோரும் நம்பும் பொருள் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமைகளில் இங்கே பச்சை ஜெல்லி தருவார்கள். சின்னக் கிண்ணம், மேலே ஒட்டிய வெள்ளித்தாள் மூடி. அந்த மூடியை எனக்கு நெவ்தான் உரித்துக் கொடுப்பான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் செய்த காரியம் முழுக்க அந்த மூடியிலிருந்துதான் தொடங்கியது.

என் பெயர் லிண்ட்ஸே ட்ரெங்கோவ். வயது எழுபத்தெட்டு. லான்செஸ்டனில் ஒரு கம்பளி ஆலையில் முப்பத்தொரு வருடம் சாயத்தொட்டி பார்த்தேன். நெவ் ஹாக்ஸ் அதே ஆலையில் தறி பழுது பார்த்தவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவன் நல்ல உயரம், பார்வைக்கு அழகன், நடனத்தில் ஆலையிலேயே முதல் ஆள் என்றும் இங்கே எழுதப்படுகிறது. வழக்குக்கு அது தேவையில்லை.

எனக்கு ரத்தத்தில் புற்றுநோய். அவனுக்குக் கழுத்து நிணநீர்க் கணுக்களில். ஒரே வாரத்தில் தெரிந்தது. ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொண்டோம். எங்கள் பக்கம் குளிர்காலமான ஆகஸ்டில் இருவருக்கும் ஒரே இன்ஃபுளுயன்சா வந்து நெஞ்சில் இறங்கியது. வைரஸும் ஒரே ரகம் என்பதால் ஒரே அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே வருகிறவர்கள் மஞ்சள் அங்கி, முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். நாங்களாக வெளியே போக அனுமதி இல்லை.

தினமும் வருகிறவள் பிசியோ சலோட்டே. டோங்கா நாட்டுப் பெண். கதவு நிறைய வருவாள். எங்களைப் போல நோயெதிர்ப்பு சக்தி வற்றிப்போன ஆட்களுக்கு நெஞ்சில் சளி தங்கினால் அதுவே முடித்துவிடும் என்பதால், தங்கவிடாமல் பார்ப்பது அவள் வேலை. காலையில் எங்கள் ரத்த அறிக்கையில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் எங்களைத் தொடுவாள். குறைவாக இருந்தால் நெஞ்சைத் தட்ட மாட்டாள், ஊதச் சொல்வாள். பாதி தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டில், அதற்குள் ஒரு குழாய். குமிழி வர வர மெதுவாக ஊத வேண்டும். மணிக்கு ஒரு தடவை, பத்து பத்தாக மூன்று சுற்று. பிறகு நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்கார வேண்டும். முடித்ததும் கட்டில் காலில் நூலில் தொங்கும் பென்சிலை எடுத்துத் தாளில் டிக் போட வேண்டும். நாங்கள் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டோம்.

முதல் நாள் அவள் நெவ்விடம் சொன்னாள்:

"அங்கிள், கண்ணாடியில ஆவி படியுற மாதிரி ஹா-ன்னு விடுங்க. இருமல் வந்தா அடக்காதீங்க."

"எழுபத்தாறு வருஷமா எவனும் சொல்லிக் குடுக்காமத்தாம்மா மூச்சு வுட்டுக்கிட்டிருக்கேன்."

"அதான் தப்புத் தப்பா வுடுறீங்க. ஊதுங்க."

"விலா எலும்பெல்லாம் வலிக்குதும்மா. நாளைக்கு ஊதுறேனே."

"நாளைக்கு ஊதுறதுக்கு இன்னிக்கு ஊதணும் அங்கிள்."

நெவ் உடற்பயிற்சியில் மிகுந்த ஆர்வம் கொண்டவன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மேலே கண்ட உரையாடல் அந்த ஆர்வத்தில் வந்ததுதான். அவனைத் தெரிந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். படட்டும்.

இரண்டாவது வாரம் சலோட்டே ஒரு மரப்படியை உருட்டிக்கொண்டு வந்தாள். நெவ்வின் மகள் ரோஸ்லின் வடக்கே, விமானத்தில் போக வேண்டிய வெயில் ஊரான கெய்ன்ஸில் இருக்கிறாள். அங்கே வீடுகள் தூண்களின் மேல் நிற்கும். அவள் வீட்டுக்குப் பதினான்கு படி. அப்பாவை அழைத்துப்போய் வைத்துக்கொள்ள ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மாமரம் இருக்கிறதாம்.

"இந்தப் படியில பதினாலு தடவை ஏறி எறங்கிக் காட்டுங்க. ஆக்சிஜன் குழாய் இல்லாம. நானே உங்கள பிளேன்ல ஏத்தி விடுறேன்" என்றாள் சலோட்டே.

நெவ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "கேட்டியாடா கிழவா? மாமரமாம். நீ இங்கயே குளிர்ல கெட."

"போ. போய் கொசுகிட்ட கடிபடு" என்றேன்.

அன்று ஜெல்லி வந்தது. நெவ் மூடியை உரித்து என் முன்னால் வைத்தான். பால் பொட்டலத்தைக் கிழித்தான். என் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டான். "பொண்டாட்டி வேலையும் நானே பாக்கணும்" என்று வழக்கம்போல் முனகினான். நான் யோசித்தேன். இவன் கெய்ன்ஸுக்குப் போனால் இதையெல்லாம் யார் செய்வது? என் மனைவி டோரீன் போய் வெகு காலம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஆகவே நெவ் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. ஜெல்லி சாப்பிட்டுக்கொண்டே எடுத்தேன்.

மறுநாள் காலை அவனிடம் சொன்னேன்: "மேஸ்திரி வந்துட்டுப் போனா. நீ தூங்கிட்டிருந்தே. உனக்கு தட்டணு ரொம்பக் கொறஞ்சிருக்காம். ஊதினா மூக்கால ரத்தம் கொட்டுமாம். அசையாம படுக்கச் சொன்னா."

அவன் நம்பினான். நாற்பது வருடத்தில் நான் அவனிடம் பொய் சொன்னதில்லை. அதனால் இந்தப் பொய் நன்றாக வேலை செய்தது.

அன்றுமுதல் இரண்டு பாட்டிலையும் நானே ஊதினேன். திரை மூடியிருக்கும். நடைபாதையில் போகிறவர்களுக்கு இரண்டு குமிழிச் சத்தமும் கேட்கும். பிறகு இரண்டு தாளிலும் டிக். என் தாளில் ஒன்று, அவன் தாளில் ஒன்று.

இரட்டை வேலை செய்ததில் என் நெஞ்சுக்கு என்ன ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் நான் ஊதியதில் பாட்டில் தண்ணீர் கூரையைத் தொட்டது. தீயணைப்புக் குழாய் திறந்துவிட்டது என்று நினைத்து ஒரு நர்ஸ் ஓடி வந்தாள். ஏழாம் நாள் ஜன்னல் பக்கம் திரும்பி ஹா என்று விட்டேன். டேமர் ஆற்றின் மேல் இருந்த மூடுபனி அப்படியே எதிர்க்கரைக்கு ஒதுங்கி, இந்தப் பக்கம் பத்து நிமிடம் வெயில் அடித்தது. பார்த்த சாட்சிகள் உண்டு. எல்லோரும் தனிமை அறைகளில் இருக்கிறார்கள்.

நெவ்வின் கதை வேறு. படுத்தே கிடப்பவனின் நெஞ்சு எப்படி அடங்கும் என்பதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். முதலில் வலது பக்கம் கீழே தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு சத்தமும் நின்றது. ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டும் கருவி தொண்ணூற்று நான்கு காட்டியது, தொண்ணூற்றொன்று காட்டியது, ஒரு காலை எண்பத்தெட்டு காட்டியது. ஆக்சிஜனைக் கூட்டினார்கள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. எண்பத்தெட்டு உள்ளவனை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அவன் இந்தக் கட்டிலிலேயே, எனக்கு நாலடி தூரத்திலேயே போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை, கெய்ன்ஸில் மாமரத்தடியில் உயிரோடு இருப்பதைவிட அது எனக்கு வசதி என்று நினைத்தேன். இதை எழுதும்போது பென்சில் சற்று நின்றது. பிறகு எழுதப்பட்டது.

சலோட்டேவுக்குச் சந்தேகம் வந்தது. காதில் கருவி மாட்டி நெவ்வின் முதுகில் வைத்துக் கேட்டாள். தாளைப் பார்த்தாள். மறுபடி முதுகில் வைத்தாள்.

"தாளைப் பாத்தா நீங்க தினம் முந்நூறு தடவை ஊதுறீங்க. வலது பக்கம் கீழ காத்தே போகல. எப்டி அங்கிள்?"

நெவ் ஜெல்லிக் கிண்ணத்தைப் பார்த்தான். காலிக் கிண்ணம்தான்.

மரப்படியைப் போட்டாள். நெவ் மூன்று தடவை ஏறினான். நான்காவதுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டான், உதடு நீலமாயிற்று. என்னை ஏறச் சொன்னாள். நான் பதினான்கைத் தாண்டி, நாற்பதைத் தாண்டி, அவள் நிறுத்தச் சொன்னது காதில் விழாமல், கணக்குப் போட்டால் எங்கள் ஊர் மலையான மவுண்ட் பாரோவில் பாதி உயரம் வரை ஏறிவிட்டேன்.

அவள் தாள்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நெவ் அங்கிள் தாள்ல திங்கக்கெழமை மூணு மணிக்கு ஒரு டிக் இருக்கு. மூணு மணிக்கு அவர எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. அப்புறம், ரெண்டு தாள்லயும் டிக் ஒரே மாதிரி இருக்கு. வால் நீட்டி, மேல சுழிச்சு. ஒரே கை போட்டது."

நெவ்வின் ஆக்சிஜன் குழாய் சீறிக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை டாக்டருங்க கூட்டம்" என்றாள். "சுவாசப் பயிற்சி வார்டுல ஒரே ஒரு கட்டில் காலி. நோயாளியே வேலை செய்யாம ஏமாத்தினா அந்தக் கட்டில் கெடைக்காது. முதியோர் இல்லந்தான். அங்க பிசியோ மாசத்துக்கு ஒருக்கா வருவாங்க. கெய்ன்ஸ மறந்துடலாம். வேற யாராச்சும் அவரச் செய்ய விடாம பண்ணியிருந்தா, அது அவரு தப்பு இல்ல. அந்தக் கட்டில ரெண்டு வாரத்துக்குக் குடுப்பாங்க. இப்ப சொல்லுங்க, யாரு?"

இந்த விதியை நான் இங்கே எடுத்து எழுதுவதற்கு ஒரு காரணமும் இல்லை. சொன்னாள், பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

"நான்தான்" என்றேன்.

நெவ் தலையைத் தூக்கினான். "டேய் லின், வாய மூடுடா."

"நீ மூடு. உனக்கு மூச்சு வாங்குது."

சலோட்டே என் முகத்தைப் பார்க்கவில்லை. போர்வை மேல் கிடந்த என் கைகளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப கைப்பட எழுதிக் குடுங்க அங்கிள்" என்றாள். "நான் கூட்டத்துல வெக்கிறேன்."

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆலை வாசலில் வருகைக் கடிகாரம் இருந்தது. ஆளுக்கொரு அட்டை. காலையில் அதில் குத்தினால்தான் வேலைக்கு வந்ததாக அர்த்தம். எவனாவது வர முடியாவிட்டால் கூட்டாளி அவன் அட்டையையும் சேர்த்துக் குத்துவான். ஆலை மேஸ்திரிக்குத் தெரியும், கேட்க மாட்டார். அட்டையில் ஓட்டை இருந்தால் வேலை நடந்தது. எங்கள் தலைமுறைக்கு அது மனதில் ஊறிப்போன விஷயம். தாளில் டிக் இருந்தால் நுரையீரலும் வேலை செய்துவிட்டது என்று எங்களில் ஒருவன் நம்பினால், அதை முட்டாள்தனம் என்று உங்களைப் போன்ற படித்தவர்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். 1979-இல் டோரீன் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, என் அட்டையில் ஒன்பது நாள் ஏழு மணிக்குச் சரியாக ஓட்டை விழுந்தது. அந்த ஒன்பது நாளும் நான் டோரீன் பக்கத்தில்தான் இருந்தேன். யார் குத்தியது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். என் ஜெல்லி மூடிக்காக நான் நெவ் ஹாக்ஸின் மூச்சை ஒன்பது நாள் திருடினேன். அவனைப் பொய் சொல்லிப் படுக்க வைத்தேன். அவன் பாட்டிலை ஊதினேன். இரண்டு தாளிலும் இருக்கும் ஒவ்வொரு டிக்கும் நான் போட்டது. அவன் மேல் ஒரு தவறும் இல்லை. அந்த இரண்டு வாரத்தை அவனுக்குக் கொடுங்கள். மேஸ்திரி பக்கத்தில் நின்றால் ஊதுவான். நேற்றிலிருந்து ஊதிக்கொண்டிருக்கிறான், விலா வலியில் எல்லாரையும் திட்டிக்கொண்டே ஊதுகிறான். இன்று காலை படியில் ஐந்து ஏறினான். பதினான்குக்கு இன்னும் ஒன்பது.

சலோட்டே கைப்பட எழுதச் சொன்னாள். ஆனால் ஜூன் மாதம் ஏற்றிய மருந்தில் என் பத்து விரலும் மரத்துவிட்டன, ஒரு பென்சிலைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதியது நெவ்.