மூன்றாவது ராஜி

வளையல் வாங்குவதில் நான் கெட்டிக்காரன். பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவேன். சித்தூர் பஜார்க் கடைக்காரரே என்னிடம் யோசனை கேட்பார்.

எங்கள் குடும்ப ஆலோசனை மையத்தில், புருஷனோடு திரும்பிப் போக ஒப்புக்கொள்ளும் பெண்ணுக்குக் கண்ணாடி வளையலும் குங்குமமும் ரவிக்கைத் துணியும் கொடுப்போம். நான் ஆரம்பித்து வைத்த வழக்கம். அப்புறம் போட்டோ, பேப்பரில் செய்தி. ‘இல்லறச் சிற்பி’ என்று எனக்கொரு பட்டமும் உண்டு. கொடுத்தவர்கள் சால்வையை மட்டும் மெலிசாகப் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அதன் படிவத்தில் காயத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு அவள் அடிபட்டவள். எங்களுக்கு அவள் ஒருத்தனின் பெண்டாட்டி. கட்டத்தை நிரப்பினால் கேஸ், விட்டுவிட்டால் குடும்பம் என்று பேசாத மேடை இல்லை. நல்ல கைதட்டல் கிடைக்கும்.

நகரியில் தறி ஓட்டும் வீட்டுப் பெண் ரோஹிணி மூன்றாவது தடவையாக வந்தாள்.

“அடிச்சிக்கினே கீறான் சார். இந்த வாட்டி அனுப்பினீங்கன்னா என்னை உசுரோட பாக்க மாட்டீங்க. அம்மா வூட்லயே இருந்துக்கறேன்னு எழுதிக் குடுங்க.”

புருஷன் ஹேமநாத்தும் வந்திருந்தான். அவன் அம்மா வெங்கடம்மாதான் பேசினாள். “நான் துன்னாத அடியா? நான் எந்த ஆபீசுக்குப் போனேன்?”

நான் சிரித்தேன். அதனால் எல்லோரும் சிரித்தார்கள். ராஜிப் பத்திரத்தை, அதாவது சமாதான ஒப்பந்தத்தை, எழுதி முடித்தேன்: ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் கணவருடன் செல்கிறேன்.’

வளையல் ஏறவில்லை. என் அளவு தப்பாது. வலது மணிக்கட்டு நீலம் பாரித்து வீங்கியிருந்தது. அட்டெண்டர் பிரேமலதாவிடம் சோப்பு கொண்டுவரச் சொன்னேன். ஏறியது. “கொஞ்சம் சிரிம்மா,” என்றேன். போட்டோக்காரருக்கு வேறு வேலை இருந்தது.

பதினோராம் நாள் ஹேமநாத் அவளை அடித்தே கொன்றான்.

வீக்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். பார்த்தேன். காயம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியதும் நான்தான்.

அவள் சம்மதித்தாளே, கையெழுத்துப் போட்டாளே என்று வீட்டில் சொன்னேன், மையத்தில் சொன்னேன், நேற்றுவரை எனக்கும் சொல்லிக்கொண்டேன். கையெழுத்தைக் கடைசியில்தான் வாங்குவோம்; வளையல் போட்டுக்கொண்ட பெண் பின்வாங்க மாட்டாள். முந்தைய இரண்டு ராஜிகளிலும் குண்டுகுண்டாக அழகாய் எழுதியிருக்கிறாள். மூன்றாவதில் இருப்பது வெறும் கிறுக்கல். வலது கையில் பேனா நிற்கவில்லை, சார். எடுத்து இடது கையில் வைத்தவன் நான்.