மூண்டாந்தரம் கேட்ட கோப்பி

எட்டுப் பேரிலை ஏழு பேர் ஃபெயில். அதுதான் நடந்தது.

இல்லைத் தங்கச்சி, நான் நோயாளி இல்லை. சொன்னனெல்லே, நோயாளியா நடிக்கிறவன். உதுவும் ஒரு வேலைதான். டென்மார்க்கிலை, இந்த ரண்டர்ஸ் ரவுணிலை மனநலத் தாதிமாரைப் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஒண்டிருக்கு. அதுகள் பழகிப் பாக்க ஆள் வேணும். உண்மையான வருத்தக்காரரிலை பழக ஏலாதெல்லே. பூசை முடிய ஆரோ என்ரை மனிசிக்குச் சொல்லியிருக்கினம். அவ என்ரை பேரைக் குடுத்திட்டா. வீட்டிலை முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறதை அங்கை போய் இருங்கோவன் எண்டா. போனன்.

கோப்பி ஊத்தட்டோ? அந்தப் போத்திலிலை சூடாக் கிடக்கு. வேண்டாமோ. சரி. ஜக்கெற்றையாவது கழட்டுங்கோ. ஓடப்போற ஆள் மாதிரி இருக்கிறியள்.

ஒரு அட்டை தருவினம். அதிலை என்ரை வருத்தம் எழுதிக் கிடக்கும். தமிழ் ஆள், எழுபது வயசு, இறைச்சித் தொழிற்சாலையிலை இருந்து ஓய்வெடுத்தவர், தலையிடி. கீழை சிவப்பிலை ஒரு வரி: நித்திரை இல்லை, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்தச் சிவப்பு வரியை என்ரை வாயாலை எடுப்பிக்கிற பிள்ளை பாஸ். எடுக்காட்டி ஃபெயில். நானாச் சொல்லப்படாது. மனசு வந்தாத்தான் சொல்லவேணும் எண்டு ரீச்சர் கியர்ஸ்டின் சொன்னவ. எனக்கும் எழுபது, நானும் இறைச்சித் தொழிற்சாலை. ஆள் அச்சாப் பொருத்தம் எண்டு அவவுக்குச் சந்தோசம்.

பிள்ளையளுக்குத் தமிழரைப் பற்றி ஒரு தாள் குடுத்திருக்கினம். கும்பிடு. கண்ணைப் பாக்காதை. குடும்பத்தை விசாரி. கடவுளை விசாரி. மற்றவையின்ரை பண்பாட்டை மதிச்சு வைத்தியம் பாக்கிறதாம். நல்ல எண்ணம். நான் குறை சொல்லேல்லை. சொல்லுறன்தான், ஆனா நல்ல எண்ணம்.

முதலாவது, கும்பிட்டுக் குனிஞ்சு மேசையிலை நெத்தியை இடிச்சுது. நான்தான் தண்ணி குடுத்து ஆறுதல் சொன்னன். அடுத்தது, கண்ணைப் பாக்கப்படாதெண்டு முழு நேரமும் என்ரை காதோடை கதைச்சுது. இன்னொண்டு, ஃபோனிலை பிள்ளையார் படத்தைக் காட்டி, இவர் உங்களுக்கு ஆறுதலோ எண்டு கேட்டுது. நான் சங்கிலியை வெளியிலை இழுத்து அந்தோனியாரைக் காட்டினன். நான் வேதக்காரன் பிள்ளை எண்டன். தாளைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்துது. அதிலை நான் இல்லை.

ஒருத்தி ஊதுபத்தி கொளுத்தினாள். சிரிக்காதையுங்கோ. நெருப்பு மணி அடிச்சு, முழுப் பள்ளிக்கூடமும் அரை மணித்தியாலம் மழைக்குள்ளை, கார் நிப்பாட்டுற இடத்திலை.

எல்லாரும் ஒரு பிழையை மட்டும் ஒரே மாதிரி விட்டினம். உள்ளை வந்த உடனை, கோப்பி வேணுமோ எண்டு கேப்பினம். வேண்டாம் எண்டுவன். சரி எண்டு போத்திலை அங்காலை தள்ளிப்போட்டுக் கேள்வித்தாளை எடுப்பினம். என்ன மனிசர்! கேட்ட உடனை ஓம் தாங்கோ எண்டு எந்த மானமுள்ளவன் சொல்லுவான்? நீங்கள் சொன்னியளோ இப்ப? பாத்தியளே. கோப்பியையே ஒரு தரம் கேட்டு விடுறவைக்கு நான் நித்திரைக் கதை சொல்லுவனோ? நித்திரை வருதோ எண்டு கேட்டினம். பரவாயில்லை எண்டன். நித்திரை நல்லம் எண்டு எழுதிச்சினம்.

ஏழாவதா எங்கடை பிள்ளை ஒண்டு வந்துது. யூலியானா. இஞ்சை புரொண்பியிலை பிறந்து வளந்தது, தகப்பன் மன்னார். இவள் எடுத்துப்போடுவாள் எண்டு நிமிந்து இருந்தன். அங்கிள், கோப்பி? வேண்டாம் பிள்ளை. ஓகே. முடிஞ்சுது. வெளியிலை மறிச்சுக் கேட்டன், உங்கடை வீட்டை வாற ஆள் வேண்டாம் எண்டால் கொம்மா கேத்திலைத் தூக்கிக்கொண்டு உள்ளை போறவவோ எண்டு. டேனிஷிலை பதில் வருது. வீட்டிலை அது அம்மான்ரை வேலையாம். இஞ்சை நோயாளி வேண்டாம் எண்டால் வேண்டாமாம், ரெண்டாந்தரம் கேட்டால் புள்ளி குறைப்பினமாம்.

எனக்கு எரிச்சல். சொல்லவேண்டியது அப்பிடியே கிடக்குது. கேக்க ஒரு நாதி இல்லை.

கோப்பி ஊத்தட்டோ? இன்னும் வேண்டாமோ. சரி, சரி.

எட்டாவது ஒரு வெள்ளைப் பெட்டை. மேற்குப் பக்கத்துப் பண்டிப் பண்ணைக்காரற்றை மகள். தோள் ரெண்டும் கதவளவு. தமிழரைப் பற்றின தாளை பஸ்ஸிலை விட்டிட்டு வந்திட்டுது. கோப்பி? வேண்டாம். தனக்கு ஊத்திச்சுது. குடிச்சுது. மழையைப் பற்றிக் கதைச்சுது. பண்டி குட்டி போட்டதைப் பற்றிக் கதைச்சுது. கோப்பி? வேண்டாம். தன்ரை கோப்பையை முடிச்சுது. பிறகு கேளாமலே ஊத்தி எனக்கு முன்னாலை வைச்சுது. அரைக் கோப்பைதான் எண்டுது. தங்கடை ஊர்ப் பழசுகளும் ரெண்டு தரம் வேண்டாம் எண்டு போட்டு, மூண்டாந்தரம் அரைக் கோப்பை எண்டு சொல்லி முழுப் போத்திலையும் முடிக்குமாம்.

குடிச்சன். நல்ல கோப்பி.

குடிக்கேக்கை அது என்ரை காலைப் பாக்குது. ஏன் ஒரு சொக்ஸ் கறுப்பு, மற்றது நீலம் எண்டு கேக்குது.

சொன்னன். விடிய ஆறு மணிக்கு மனிசி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போயிடுவா. நான் கட்டிலிலை இருந்து ஒரு காலுக்குச் சொக்ஸ் போடுவன். மற்றதைப் போட ஏலாது. கையிலை வைச்சுக்கொண்டு இருப்பன். ஏன் எண்டு கேட்டால் தெரியாது. பன்னிரண்டு மணியாகும். அவ வாறதுக்குள்ளை எழும்பிச் சட்டி பானை கழுவி வைப்பன். கண்டுபிடிக்கமாட்டா. மாசியிலை இருந்து உப்பிடித்தான். அண்டைக்கு பஸ்ஸைப் பிடிக்கவேணுமெண்டு கையிலை அம்பிட்டதைப் போட்டுக்கொண்டு வந்தன். நித்திரை இல்லாததையும் அதோடை சேத்துச் சொன்னன்.

கண்ணாடிக்கு அங்காலை இருந்து பாத்துக்கொண்டிருந்த கியர்ஸ்டின் ஓடி வாறா, என்ன நடிப்பு எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு. பெட்டை பாஸ். மற்ற ஏழுக்கும் திரும்பச் சோதினை, கோப்பியிலை இருந்து. பிறகு அவ அட்டையை எடுத்துப் பாக்கிறா. முன்னுக்குப் பாக்கிறா, பின்னுக்குப் பாக்கிறா. சொக்ஸ் கதையைக் காணேல்லை.

நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிட்டன்.

பெட்டை பஸ் தரிப்பிலை வந்து பக்கத்திலை குந்திச்சுது. டொக்டருக்கு ஃபோன் அடி எண்டுது. எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கிறன் எண்டன். ஒரு பஸ் போச்சுது. திரும்பவும் சொல்லிச்சுது. வேண்டாம் எண்டன். ரெண்டாவது பஸ்ஸும் போச்சுது. பிறகு நம்பரைத் தானே அமத்தி என்ரை காதிலை வைச்சுது.

பொறுங்கோ. பிலேந்திரனாம். டொக்டரிட்டை என்ரை பேர்தான் கூப்பிடுகினம்.

ஓம், நோயாளி இல்லை எண்டுதான் சொன்னனான். முதல் தரம் கேட்டால் அப்பிடித்தான் சொல்லுவன். நீங்கள் பிறகு கேக்கேல்லை.

இந்தாங்கோ, அரைக் கோப்பை. பிடியுங்கோ, கை சுடும். உங்கடை பேரையும் கூப்பிடுவினம், போயிடாதையுங்கோ. நான் தனிய வரேல்லை. காரை நிப்பாட்டிப்போட்டு அந்தப் பெட்டை அந்தா வருது பாருங்கோ, தோளாலை கதவைத் தள்ளிக்கொண்டு. மெட்டெ.