எர்த் கம்பிக்குத் தண்ணீர்

காலையில் எழுந்ததும் கிணற்றடிக்குப் போவேன். முகம் கழுவுவேன். ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தகரக் கொட்டிலின் பின்பக்கம் போய், வேலியோரம் நிலத்தில் அடித்திருக்கும் செம்புக் கம்பியைச் சுற்றி ஊற்றுவேன். பிறகு பிளேன்டீ போட்டுக் குடிப்பேன். பிறகு மெஷினைப் போடுவேன். இன்றைக்கும் அந்த ஒழுங்கில்தான் எல்லாம் நடந்தது. மெஷினை மட்டும் போடவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

தண்ணீர் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் எங்கேனும் ஒழுகினால் அது மண்ணுக்குள் இறங்கிப் போவதற்காக அந்த எர்த் கம்பி இருக்கிறது. கண்டாவளையில் எங்கள் பக்கம் களிமண். வெயில் காலத்தில் கை போகிற அளவுக்கு வெடிக்கும். காய்ந்த மண் மின்சாரத்தை ஏற்காது. ஈரமாக இருந்தால் ஏற்கும். தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்தது. கலியாணம் முடிந்து வந்ததும் அந்த வேலையை என் மனைவி சாரங்கா எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு காலையும் ஊற்றிவிட்டு வந்து, "இண்டைக்கும் முளைக்கேல்லையப்பா," என்பாள். நான் முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை. அவள் சொல்வதை நிறுத்தவில்லை.

கொட்டிலுக்குள் இருக்கும் மெஷினை நானே கட்டினேன். கணினியில் வரைந்ததை மரத்தில் செதுக்கும் மெஷின். இரும்புச் சட்டத்தைப் பரந்தனில் ஒட்டுவித்தேன். மூன்று சேர்வோ மோட்டர்களும் அவற்றை ஓட்டும் டிரைவ்களும் பழைய சாமான்கள், கொழும்பிலிருந்து எடுப்பித்தவை. டிரைவ்களையும் வயர்களையும் ஒரு தகரப் பெட்டிக்குள் நானே பொருத்தினேன். ஒருவரும் உதவவில்லை. நான் கேட்கவுமில்லை.

பெட்டிக்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். ஒருவர் உள்ளே கை வைப்பதென்றால் மற்றவர் சுவரிலுள்ள மெயின் சுவிட்சடியில் நிற்க வேண்டும். கை வைப்பவர் "நிப்பாட்டியாச்சோ?" என்று கேட்க வேண்டும். மற்றவர் வாய் திறந்து "ஓம்" சொல்ல வேண்டும். தலையாட்டினால் காணாது. சாரங்கா என்னைவிட இதில் கண்டிப்பு. ஊரெல்லாம் கரண்ட் இல்லாத நாளிலும் கேட்டாள். "கரண்டே இல்லை, பிறகென்ன கேள்வி?" என்றேன். "அது எனக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியுமோ?" என்றாள்.

கோயில் வாசற்கதவு ஒன்று வேலைக்கு வந்தது. முதிரைப் பலகை. தாமரைப் பூ வேலை. பாதிப் பூவில் மெஷின் ஒரு விரலளவு தள்ளி வெட்டத் தொடங்கியது. எல்லா நேரமும் இல்லை. அரை நாள் நேராக ஓடும். பிறகு ஒரு தட்டுத் தட்டியதுபோல் விலகும். முதிரையில் விழுந்த வெட்டை அழிக்க முடியாது. நான் மோட்டர்களைக் கழற்றினேன். திரும்பப் பூட்டினேன். டிரைவ்களை இடம் மாற்றினேன். பிழை போகவில்லை.

அந்த நேரத்தில் கிருபன் வந்தான். என்னோடு கல்லூரியில் படித்தவன். வவுனியாவில் ஓர் அரிசி ஆலையில் மெஷின்களைப் பார்க்கிறான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மச்சான், இது டிரைவோ, காகக் கூடோ?" என்றான். சாரங்கா குசினி வாசலில் நின்று சிரித்தாள். கிருபன் பிளேன்டீ குடித்தான், கோழிகளைப் பற்றிக் கதைத்தான், போனான். அதன்பிறகு அவன் எடுத்த அழைப்புகளுக்கு நான் பதில் சொல்லவில்லை.

பிழை தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்த முறையில் திறமை உண்டு. ஆசிரியர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு நாள் பரந்தனுக்குப் போய் வந்து பெட்டியைத் திறந்தபோது, ஒரு மோட்டரின் வயரில் நான் செய்யாத மாற்றம் ஒன்றைக் கண்டேன். மோட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை டிரைவுக்குச் சொல்வது மெல்லிய வயர் ஒன்று. அதைச் சுற்றி ஒரு கம்பி வலை இருக்கும். வெளி இரைச்சல் உள்ளே போகாமல் அந்த வலை தடுக்கும். நான் வலையை இரண்டு முனையிலும் எர்த்தில் இறுக்கியிருந்தேன். ஒன்றைவிட இரண்டு பாதுகாப்பு என்பது என் எண்ணம். இப்போது பெட்டிப் பக்கத்து முனை கழன்றிருந்தது. தானாகக் கழன்றதில்லை. நுனியில் டேப் சுற்றியிருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. திரும்ப இறுக்கினேன். சில நாட்களில் அது மறுபடி கழன்றிருந்தது. பிறகு இரண்டாவது மோட்டரிலும். கழன்றிருந்த நாட்களில் அந்த மோட்டர் நேராக ஓடியது. அதை நான் கவனித்தேன். கவனித்ததை நம்பவில்லை. என்னைக் குழப்புவதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். அடுத்த வீட்டு அமராவதி அக்கா பெட்டிக்குக் கிட்டவே வரமாட்டா. ஆகவே சாரங்கா. ஆனால் சாரங்காவுக்கு இந்த வேலை தெரியாது. தெரிந்த ஒருவன் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் வந்து பார்த்தேன். அவள் கொட்டிலிலிருந்து போனோடு வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்துப் பிடித்தாள். கவிழ்க்குமுன் கிருபனின் பெயரைப் பார்த்துவிட்டேன்.

"ஆர்?" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். பதிலை வைத்துப் பிழை தேட முடியாது.

நான் கத்துகிற ஆள் இல்லை. கை ஓங்கியதும் இல்லை. அதை ஊரில் யாரிடமும் விசாரிக்கலாம். அவளோடு கதைப்பதை நிறுத்தினேன். அவ்வளவுதான். முதலில் அவள் பகிடியாக எடுத்தாள். "என்னப்பா, வாய்க்கும் சுவிட்ச் வச்சிருக்கிறியளோ?" என்றாள். பிறகு சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் முற்றத்தில் கோழிகளுக்கு அரிசி போட்டுக்கொண்டு, எனக்குக் கேட்கக்கூடியதாக, "நீங்களாவது கதையுங்கோ பிள்ளையள். இந்த வீட்டில உங்களைத்தான் நம்பியிருக்கிறன்," என்றாள். இரவில் விம்மல் கேட்டது. அது யாருக்காக என்று யோசித்தேன். எனக்காக என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. பெட்டியைத் திறப்பது அவள்தானா? அதற்கு ஒரு சோதனை வைத்தேன்.

அன்றைக்கு அவள் வழக்கம்போல் கம்பிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஈரக் காலோடு வந்தாள். நான் மெயின் சுவிட்சடியில் நின்றேன். பெட்டி திறந்திருந்தது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்குரூ டிரைவரை அவளிடம் நீட்டி, பெட்டியைக் காட்டினேன். எந்த வயர் என்று காட்டவில்லை. என் சோதனை அதுதான். ஒன்றும் தெரியாதவள் என்றால் "எது?" என்று கேட்பாள். தெரிந்தவள் என்றால் கை நேராகப் போகும்.

கை நேராக மூன்றாவது மோட்டரின் வலை முனைக்குப் போனது. இன்னும் கழற்றாமல் இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மெயினை இறக்கிவிட்டு நான் அமராவதி அக்காவைக் கூப்பிட்டேன். அவ வந்தா. தர்மபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மரண விசாரணையில் நான் சொன்னது எழுத்தில் இருக்கும். நான் மெயினை நிறுத்தப் போய்க்கொண்டிருந்தபோது அவள் கேட்காமல் கை வைத்துவிட்டாள் என்று சொன்னேன். தவறுதலாக நேர்ந்த மரணம் என்று முடித்தார்கள். ஒருவரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்காதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவளுடைய தாய் கமலாசனி ஜெயபுரத்திலிருந்து வந்து வீட்டில் நின்றா. எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து, "என்ர பிள்ளை அவசரப்பட்டு உங்களைத் தனிய விட்டிட்டுப் போட்டாள் தம்பி. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றா. நான் மீன் குழம்பை இன்னும் கொஞ்சம் விட்டுக்கொண்டேன். ஊரிலும் இப்போது அவளைப் பற்றி அப்படித்தான் சொல்கிறார்கள். அவசரக்காரி. கேட்காமல் கை வைத்தவள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கிருபன் வந்தான். சாப்பிட்டு எல்லோரும் போன பிறகு கொட்டிலடிக்கு வந்தான்.

"மச்சான், உன்னட்டை ஒண்டு சொல்லவேணும்," என்றான். "அவள் பெட்டியைப் படமெடுத்து எனக்கு அனுப்பினவள். நீ வலையை ரெண்டு பக்கமும் கட்டியிருக்கிறாய். பெட்டிக்கு ஒரு எர்த், சட்டத்துக்கு இன்னொரு எர்த். கிணத்து மோட்டர் ஓடேக்கை அந்த வலையாலதான் கரண்ட் ஓடுது. அதுதான் பிசகு. ஒரு பக்கத்தைக் கழட்டச் சொன்னனான்."

நான் பெட்டியைப் பார்த்தேன்.

"உன்னட்டை நேர சொல்லு எண்டனான். மாட்டன் எண்டிட்டாள். 'நீங்கள் சிரிச்ச நாளில இருந்து ஆள் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை அண்ணா. நானும் சேந்து சிரிச்சுப் போட்டன். ஒண்டொண்டாக் கழட்டி விடுறன், தானே பிடிச்ச மாதிரி இருக்கட்டும்' எண்டவள்."

கிருபன் கண்ணைத் துடைத்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. நான் போனில சொல்லச் சொல்லக் கழட்டேக்கை கொட்டிலுக்குள்ள அவள் தனியத்தான். மெயினைத் தானே இறக்கிப்போட்டு வந்து, 'நிப்பாட்டியாச்சோ?' எண்டு தானே கேட்டு, தானே 'ஓம்' சொல்லிப்போட்டுத்தான் கை வைப்பாள். எனக்குச் சிரிப்பு வரும். அப்பிடிப்பட்டவள் அண்டைக்குக் கேக்கேல்லையோ மச்சான்?"

"கேக்கேல்லை," என்றேன்.

அவன் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனான்.

அடுத்த நாள் மூன்றாவது மோட்டரின் முனையைக் கழற்றினேன். டேப் சுற்றினேன். கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு மெஷினை ஓட்டினேன். ஒரு மயிரிழைகூட விலகவில்லை. புதுப் பலகையில் கதவை முடித்துக் கொடுத்தேன். இப்போது அது கோயிலில் நிற்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம். பூக்கள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றன.

கிருபன் இங்கே பொலிசுக்கு வரமாட்டான். அவனிடம் ஒரு கேள்வி மட்டும்தான் இருக்கிறது. நான் வந்தது என் மனைவியைப் பற்றி எழுதியிருப்பதைத் திருத்துவதற்கு. அவள் அவசரக்காரி இல்லை.

பெட்டிக்குள் வரும் கரண்ட் பூட்டியிருக்கும் இடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதை அன்று காலையிலேயே நான் கழற்றி வைத்திருந்தேன். அதற்குக் கீழேதான் அந்த மூன்றாவது முனை. டிரைவ்களுக்கு வேறு சுவிட்ச் இருக்கிறது. அதை நிறுத்தியிருந்தேன். பச்சை விளக்குகள் அணைந்திருந்தன. பார்ப்பவருக்கு எல்லாம் நின்றுவிட்டதுபோல் தெரியும். டிரைவ்கள் ஓடும்போது, மின்சாரம் ஒழுகினால் தானே நிறுத்தும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் சும்மா சும்மா விழுவதால், கொட்டிலின் லைனை அதற்கு வெளியே எடுத்து மாதங்களாகிவிட்டன. அது இதற்காகச் செய்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு மெயின் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லை. நிறுத்தியிருந்தாலும் அவள் கை எங்கே போகிறது என்று பார்த்திருக்கலாம். இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். என் கை சுவிட்சில்தான் இருந்தது. அவள் கை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற எண்ணம்தான் அந்த நேரம் இருந்தது. நான் அவளைத் தொடவில்லை. ஒரு சொல் சொன்னேன்.

அவள் கேட்டாள். ஸ்குரூ டிரைவரை வாங்கி, மற்றக் கையால் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "நிப்பாட்டியாச்சோ?"

நான் "ஓம்" என்றேன்.

நான் கதையை நிறுத்திய பிறகு அவளுக்குச் சொன்ன முதல் சொல் அது. எனக்கு அது அந்த நேரம் நினைவில் இல்லை. அவளுக்கு இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. பெட்டிப் பக்கம் திரும்பிக் கையை உள்ளே கொண்டுபோனபடி சொன்னாள்.

"அப்பாடா, ஒருமாதிரிக் கதைச்சிட்டியள்."